சொராத்தே மலையும் எங்க தோட்டத்து பூக்குழியும்

ரோமுக்கு போயிட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, மலேசியால, கெடா மாநிலத்துல எங்க பீடோங் பசார்ல மீன் வாங்க போனா கூட “என்னக்கா, கொலோசியம் பாத்தீங்களா, போப்பாண்டவரோட கோயில பாத்தீங்களா”ன்னு தான் கேக்குறாங்க. பாத்தேன், எல்லாம் பாத்தேன். ஆனா வந்ததுல இருந்து என் மனசுல உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டேங்குறது அது எதுவும் இல்ல, ரோமுக்கு வடக்க ஒரு நாப்பது கிலோமீட்டர் தாண்டி சமவெளிக்கு நடுவுல ஒண்டியா நிக்கிற ஒரு மலை. பேரு சொராத்தே. உயரம் 691 மீட்டர் தான். நம்ம குனோங் ஜெராய் 1,217 மீட்டர், அதுல பாதிக்கு கொஞ்சம் மேல வரும். சுத்தி வேற மலை ஒட்டாம நிக்கிறதால எந்த பக்கம் இருந்து பாத்தாலும் தெரியும், சின்ன வயசுல எங்க ரப்பர் தோட்டத்துல எந்த நிரைல நின்னு பாத்தாலும் பால் மரத்துக்கு மேல ஜெராய் தெரியுமே, அதே மாதிரி.

மக அங்க வேலை பாக்குறா. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல “அம்மா உங்களுக்கு ஒரு எடம் காட்டணும், ஏன்னு இப்ப கேக்காதீங்க”ன்னு சொல்லி கார்ல ஏத்திக்கிட்டு போனா. மலைக்கு ஒரு பக்கத்து தோள்ல சாந்தோரெஸ்தேன்னு ஒரு குட்டி ஊரு இருக்கு, கல்லு வீடு, ஒரு ஆள் கைய விரிச்சா ரெண்டு செவத்தையும் தொடுற மாதிரி சந்து, சர்ச் வாசல்ல நாலு பாட்டிங்க வெயில் காஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என் சீலைய பாத்து ஒருத்தங்க கைய தூக்கி என்னமோ சொன்னாங்க, மக சிரிச்சுக்கிட்டே “கலர் நல்லா இருக்காம்”ன்னா. தோட்டத்துல எங்க லயத்துக்கு, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு, முன்னாடி புது ஆள் வந்தா புள்ளைங்கள பாத்துக்கிற ஆயாக் கொட்டகை திண்ணைல இருந்து கெழவிங்க இப்படித்தான் குரல் குடுப்பாங்க.

அங்க இருந்து நடை தான். ஓக் மரம் மாதிரி ஒண்ணு, இலை சின்னதா கருப்பச்சையா இருக்கும், அதோட நெழல்லயே பாதை மேல போவுது. சுண்ணாம்புக்கல் மலை அது, நம்ம பத்துமலை இருக்கே அந்த ஜாதி கல்லு. சுத்தி இருக்குற பூமி முழுக்க பழைய எரிமலை கக்குன மண்ணும் கல்லும், நடுவுல இது மட்டும் சுண்ணாம்பு. அதனால மழைத் தண்ணி கல்ல கரைச்சு கரைச்சு மலைக்குள்ள செங்குத்தா பெரிய பெரிய குழி விழுந்து கெடக்கு, மேரின்னு அந்த ஊர் ஆளுங்க சொல்றாங்க, வேலி போட்டு வெச்சிருக்காங்க. எட்டிப் பாத்தேன், அடி தெரியல, குளுகுளுன்னு காத்து மட்டும் மூஞ்சில வந்து அடிச்சுது. உச்சியில புனித சில்வெஸ்டர் பேர்ல ஒரு பழைய சின்ன கல் கோயில், அது இருக்குற எடத்துல தான் முன்னாடி அப்போலோ சாமி கோயில் இருந்துச்சுன்னு சொல்றாங்க. கீழ டைபர் ஆறு வளைஞ்சு வளைஞ்சு போவுது, தூரத்துல மலைத்தொடரு, நடுவுல எல்லாம் குட்டி குட்டி ஊரு.

அங்க ஒரு கல்லு மேல உக்கார வெச்சு, கொண்டு போன புளிசாதத்த பிரிச்சு குடுத்துட்டு, மக ஃபோன எடுத்து படிச்சு காட்டுனா. ப்ளினின்னு ஒரு ரோமானியர், கிபி 79ல எரிமலை வெடிச்சப்ப செத்துப் போனவரு, அவர் எழுதி வெச்சது. ரோம் நகரத்துக்கு ரொம்ப தூரம் இல்லாம, ஃபலிஸ்கர் நாட்டுல, ஹிர்பின்னு சொல்ற சில குடும்பங்க இருக்கு, அவங்க வருஷா வருஷம் சொராத்தே மலைல அப்போலோவுக்கு பூசை போடுறப்ப, எரிச்சு வெச்ச கட்டைக் குவியல் மேல நடக்குறாங்க, கால் சுடுறது இல்ல.

சாப்பாடு கைலயே நின்னு போச்சு எனக்கு. இன்னொரு தரம் படின்னேன். “சில குடும்பங்க”ங்கற அந்த வார்த்தை தான், அது தான் என்ன புடிச்சு உலுக்குச்சு. ஏன்னா எங்க தோட்டத்துலயும் அப்படித்தான். ஊரே வேடிக்கை பாக்கும், வேண்டுதல் இருக்குறவங்க யாரு வேணும்னாலும் இறங்குவாங்க, ஆனா வருஷா வருஷம் தவறாம காப்பு கட்டி மொத ஆளா இறங்குறது நாலே நாலு குடும்பம், அதுல எங்க தாத்தா குடும்பம் ஒண்ணு.

இத படிக்கிறவங்கள்ல தோட்டத்துல பொறந்து வளந்தவங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன். ஆடி மாசம் கொடியேத்தம் ஆனதும் அந்த நாலு வீட்டுலயும் கவுச்சி வாசமே இருக்காது, வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகிடுவாங்க, தாத்தா வீட்டுக்குள்ள படுக்க மாட்டாரு, கோயில் மண்டபத்துல தான் படுக்கை, ஆனா காலைல அஞ்சு மணிக்கு ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்கு போயி பேர் குடுத்துட்டு பால் எடுக்க மரம் வெட்டிட்டு தான் வருவாரு, திருவிழான்னு தொரை லீவு குடுத்தது கடைசி ஒரு நாள் மட்டும் தான், மீதி நாளெல்லாம் கைல மஞ்ச காப்போட தான் பால் சொமக்குற காண்டாவாளி தூக்குனாரு. மறுநடவுக்கு சாச்ச பழைய பால் மரக் கட்டைய ரெண்டு மாசத்துக்கு முன்னயே வாங்கி கோயில் பின்னால அடுக்கி காய வெப்பாங்க. கடைசி நாள் மத்தியானம் நெருப்பு வெச்சா சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எரியும், அப்புறம் நீட்டு மூங்கிலால தட்டித் தட்டி அனல பரப்புவாங்க, பரப்புறவங்க மூஞ்சிக்கு ஈரச் சாக்கு கட்டியிருப்பாங்க. உடுக்கை அடிக்க ஆரம்பிச்சதும் என் வயித்துக்குள்ள ஒண்ணு உருளும் பாருங்க, இன்னைக்கும் உடுக்கை சத்தம் கேட்டா அது உருளுது. கரகம் முன்னால வரும், ஆத்தங்கரைல குளிச்சுட்டு மஞ்ச துணியோட ஈரம் சொட்டச் சொட்ட தாத்தா வருவாரு, அந்த நேரத்துல அவர் கண்ணு எங்க யாரையும் பாக்காது. குழில எட்டு எட்டு, ஒம்பது எட்டு, அவ்வளவு தான், அந்த பக்கம் பால் குழில கால வெச்சதும் அம்மா என் கைய அழுத்திப் புடிச்சது தளரும்.

இது தான் என் மனசுல ஓடுச்சு அந்த மலை உச்சியில. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த கல்லு பக்கத்துல எங்கயோ ஒரு புள்ள அம்மா கைய புடிச்சுக்கிட்டு நின்னிருக்கும்.

அப்புறம் நானா தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், மகளும் அனுப்பிக்கிட்டே இருக்கா. தையல் மெஷின் பக்கத்துல ஃபோன வெச்சுக்கிட்டு படிக்கிறது தான் இப்ப ராத்திரி வேலை. வர்ஜில்னு ரோமானிய பெரும் கவிஞர் இருக்காரே, அவர் காவியத்துல ஒரு வீரன் ஈட்டி எறியறதுக்கு முன்னாடி இந்த மலை சாமிய கும்புடுறான், பைன் கட்டை குவிச்சு உனக்காக நெருப்பு வளக்குறோம், பக்திய நம்பி அந்த தணலுக்குள்ள அடி வெச்சு நடக்குறோம், எங்கள காப்பாத்துன்னு. இன்னொரு கவிஞர் பலி குடுத்தத கைல ஏந்திக்கிட்டு மூணு தரம் நெருப்புக்குள்ள போவாங்கன்னு எழுதியிருக்காரு. ஸ்ட்ராபோன்னு ஒரு கிரேக்கர், ஊர் ஊரா உள்ளத எழுதுனவரு, அவர் சொல்றது இன்னும் நமக்கு கிட்ட வருது: மலை அடிவாரத்துல ஃபெரோனியான்னு ஒரு பொம்பள தெய்வம், அக்கம்பக்கத்து சனமெல்லாம் அவள கொண்டாடும், அவ அருள் வந்தவங்க வெறுங்காலோட பெரிய தணல் குவியல்ல நடப்பாங்க, வருஷா வருஷம் திருவிழாவுக்கும் இத பாக்குறதுக்கும் பெருங்கூட்டம் கூடும்னு. அருள் வந்தவங்கன்னு தான் அவரும் எழுதுறாரு, அத வேற எப்படி தமிழ்ல சொல்ல முடியும்? அந்த ஃபெரோனியா யாரோட தெய்வம்னா, அடிமையா இருந்து விடுதலை வாங்குனவங்களோட தெய்வம். கிமு 217ல ரோமுல விடுதலையான பொம்பளைங்க எல்லாம் அவங்க அவங்க கையால முடிஞ்ச காசு போட்டு அவளுக்கு காணிக்கை சேத்திருக்காங்க. கங்காணி கைல புடிச்சு கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து எறக்குன சனம், ரப்பர் காட்டுக்குள்ள மொதல்ல நட்டது ஒரு கல்லும் ஒரு சூலமும் தான், அது தான் எங்க மாரியம்மன். இத படிச்ச ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

ஹிர்பின்னா பக்கத்து சபைன் சனத்தோட பேச்சுல ஓநாய்னு அர்த்தம். அதுக்கு ஒரு கதை இருக்கு. மலைல பூசை நடக்குறப்ப ஓநாய்ங்க வந்து நெருப்புல இருந்த பலிய கவ்விட்டு ஓடிருச்சாம், ஆட்டுக்காரங்க தொரத்திக்கிட்டு போக, ஓநாய்ங்க ஒரு குகைக்குள்ள நுழைஞ்சுருச்சு, அங்க இருந்து விஷக்காத்து வந்து கிட்ட நின்னவங்க செத்து விழுந்தாங்க, ஊருக்கே கொள்ளை நோய் வந்துருச்சு. குறி கேட்டப்ப, நீங்களும் ஓநாய் மாதிரி வாழுங்க அப்பத்தான் நோய் அடங்கும்னு வந்துச்சாம். அம்மை போட்டா வேப்பிலை கட்டி ஆத்தாவ குளுர வெக்கிறது, ஊர்ல நோய் வந்தா தீமிதி வேண்டிக்கிறது, இதெல்லாம் பாத்து வளந்த எனக்கு இந்த கதை ஒண்ணும் வேத்து ஊர் கதையா தெரியல. அந்த குழிகிட்ட மூஞ்சில அடிச்ச குளுந்த காத்தும் ஞாபகம் வந்துச்சு.

வாரோன்னு ரோமுல ஒரு பெரிய படிச்சவரு இருந்தாரு, அவர் மட்டும் வேற மாதிரி சொல்லி வெச்சிருக்காரு. நடக்குறதுக்கு முன்னாடி உள்ளங்கால்ல ஏதோ மருந்து தடவிக்கிறாங்க, அதான் சுடலன்னு. படிச்சதும் எனக்கு சுருக்குன்னுச்சு. தோட்டத்துல ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி ஒருத்தர் ஒவ்வொரு வருஷமும் வெள்ளை கால்சட்டையோட தள்ளி நின்னு இதே பேச்சு தான் பேசுவாரு, கால்ல என்னமோ தடவியிருக்காங்க, காய்ச்சுப் போன காலு அதான்னு. கால் காய்ச்சுப் போனது உண்மை தான், செருப்பு இல்லாம வருஷக்கணக்கா காட்டுல நடந்த காலு. படிச்சவங்க வேற காரணமும் சொல்றாங்க, மரக்கரி சூட்ட வேகமா கடத்தாது, மேல சாம்பல் மூடியிருக்கும், ஒரு அடிக்கு கால் படுற நேரம் கொஞ்சம் தான்னு. இருக்கட்டும், அதுவும் சரி தான், நான் மறுக்கல. ஆனா அந்த காரணம் தெரியாம, பக்கத்துல நின்னாலே மூஞ்சி பொசுங்குற அனலுக்கு முன்னாடி நின்னு மொத அடிய எடுத்து வெக்கிறதுக்கு உள்ள ஒண்ணு வேணும், அத மருந்துன்னு சொல்லி ஒரே வரில தள்ளி விடுறது எந்த காலத்துலயும் தூர நின்னு பாக்குறவங்களுக்கு சுலபமா இருந்திருக்கு.

ப்ளினி சொன்னதுல கடைசியா ஒரு வரி இருக்கு, அத நான் தள்ளி வெச்சேன், இப்ப சொல்றேன். இப்படி நடக்குறதால ரோம் செனட், அதான் அந்த ஊர ஆண்ட பெரியவங்க சபை, தீர்மானம் போட்டு, அந்த குடும்பங்களுக்கு பட்டாளத்துக்கு போறதுல இருந்தும் மத்த எல்லா அரசாங்க கடமைல இருந்தும் நிரந்தரமா விலக்கு குடுத்துச்சு. ரோம் அந்த காலத்துல வயசுப் பசங்கள பட்டாளத்துக்கு கேட்டுக்கிட்டே இருந்த ஊரு. அப்படிப்பட்ட ராஜ்ஜியம், ஜெயிச்சு புடிச்ச நாட்டுல ஒரு மலை மேல நெருப்பு மிதிக்கிற சில குடும்பத்த பாத்து, இவங்கள தொடாதீங்கன்னு எழுதிக் குடுத்திருக்கு.

எங்க தாத்தாவோட தம்பி, நாங்க சின்னத் தாத்தான்னு சொல்லுவோம், நான் பாத்ததே இல்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேருமே காப்பு கட்டுறவங்க. ஜப்பான்காரன் காலத்துல சயாம்ல இருந்து பர்மாவுக்கு தண்டவாளம் போட ஆள் எடுத்தாங்கல்ல, 415 கிலோமீட்டர், 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சது, அதுக்கு மலாயா தோட்டங்கள்ல இருந்து பல்லாயிரம் தமிழாளுங்கள லாரிலயும் ரயில்லயும் ஏத்திட்டு போனாங்க, எங்க தோட்டத்துல சின்னத் தாத்தாவும் போனாரு. அவர் திரும்பி வரல. எந்த முகாம்ல, காலராவா மலேரியாவா பசியா, ஒரு தகவலும் கெடையாது. அந்த வருஷம் தீமிதிக்கு அவருக்குன்னு வாங்குன மஞ்ச வேட்டிய தாத்தா ரொம்ப நாள் பொட்டிக்குள்ள வெச்சிருந்தாருன்னு அப்பா சொல்லுவாரு. அவரோட உள்ளங்கால் தாங்குன நெருப்ப பாத்து இவர விட்டுருங்கன்னு சொல்ல எங்க ஊர்ல ஒரு செனட் இல்ல. மலை உச்சியில நான் அழுதது இதுக்குத்தான், மக பயந்து போயிட்டா.

அடுத்த வாரம் சீவித்தா காஸ்தெல்லானாவுக்கும் போனோம். அது தான் ஃபலிஸ்கரோட பழைய தலைநகரம், ஃபலேரி. எரிமலைக் கல்லு, டூஃபான்னு சொல்றாங்க, மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு பதம், செவப்பும் மஞ்சளும் கலந்த நெறம், ஆறு அத வெட்டி வெட்டி ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை நிக்கிது, மேல ஊரு. ஃபலிஸ்கர் பேசுனது லத்தீனுக்கு கூடப்பொறந்த மொழி, ஆனா அவங்க ரொம்ப காலம் சேந்து நின்னது பக்கத்துல இருந்த எட்ரஸ்கர்ங்கற சனத்தோட, ரோமுக்கு எதிரா.

கிமு 394ல ரோம் தளபதி கமில்லுஸ் இந்த ஊர முற்றுகை போட்டப்ப நடந்தத லிவின்னு ரோம் சரித்திரம் எழுதுனவரு எழுதியிருக்காரு. ஊர் பெரிய மனுசங்க புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியார், வெளயாட கூட்டிட்டு போற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தூரம் கூட்டிக்கிட்டு போயி, ஒரு நாள் எதிரி கூடாரத்துலயே கொண்டு போயி விட்டுட்டாரு, இந்த புள்ளைங்கள வெச்சுக்கிட்டா ஊர் உங்க கைலன்னு. கமில்லுஸ் அந்தாளோட துணிய உருவி, கைய பின்னால கட்டி, புள்ளைங்க கைல ஆளுக்கொரு பிரம்ப குடுத்து, இவர அடிச்சு ஓட்டிக்கிட்டே வீட்டுக்கு போங்கன்னு அனுப்பிட்டாரு. அந்த நேர்மைய பாத்துட்டு ஊரே தானா சரணடைஞ்சுருச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கதைய எழுதுனது ஜெயிச்சவன் பக்கத்து ஆளுன்னு மனசுல வெச்சுக்கிட்டு கேக்கணும்.

ஏன்னா கிமு 241ல நடந்தது வேற. ஃபலிஸ்கர் திரும்ப எதுத்தாங்க, ஆறே நாள்ல சண்டை முடிஞ்சு போச்சு. ஆயுதம், குதிரை, சொத்து, அடிமைங்க, நாட்டுல பாதி நிலம், எல்லாத்தையும் ரோம் எடுத்துக்கிச்சு. பாறை மேல பத்திரமா இருந்த ஊர இடிச்சுட்டு சனத்த கீழ சமதளத்துல, சுலபமா நுழையற மாதிரி எடத்துல, ஒரு அஞ்சு கிலோமீட்டர் தள்ளி குடி வெச்சுட்டாங்க. அந்த புது ஊர் தான் ஃபலேரி நோவி. அங்கயும் போனேன். மதில் இன்னும் அப்படியே நிக்கிது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, ஒரு வாசல் வளைவு உச்சியில கல்லுல செதுக்குன முகம் ஒண்ணு தேஞ்சு போயி வர்றவங்கள பாத்துக்கிட்டே இருக்கு. உள்ள போனா ஊரே இல்ல. புல்லு, ஒரு பழைய சர்ச், அவ்வளவு தான். கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்துல இருக்குற கெண்ட் பல்கலைக்கழகத்து ஆளுங்க ஒரு கைப்பிடி மண்ணு கூட தோண்டாம ரேடார் வண்டிய ஓட்டிக்கிட்டே 30.5 ஹெக்டேர்லயும் அடில இருக்குற தெரு, சந்தை, கோயில், குளிக்கிற எடம், தண்ணிக் குழாய் எல்லாத்தையும் படமா எடுத்து 2020ல வெளியிட்டிருக்காங்க.

அந்த புல்லுல நின்னப்ப எனக்கு எங்க தோட்டம் தான். நாங்க மேட்டு லயத்துல இருந்தோம். தோட்டம் கை மாறுச்சு, பால் மரம் போயி செம்பனை வந்துச்சு, அப்புறம் செம்பனையும் போயி வீடமைப்புன்னாங்க. லயத்த விட்டு கெளம்ப சொல்லி கடிதாசி வந்தப்ப அப்பாவுக்கு அம்பத்தேழு வயசு, பொறந்ததுல இருந்து அந்த மேட்ட விட்டு வேற எடத்துல ஒரு மாசம் கூட இருந்ததில்ல. கீழ பெரிய ரோட்டுகிட்ட ஃப்ளாட் வீடு குடுத்தாங்க, மழை பெஞ்சா மொத தண்ணி அங்க தான் வந்து நிக்கும். கோயிலுக்கு ஒரு துண்டு நிலம் கெடைச்சுது, பெரிய கால்வாய ஒட்டி. அங்க பூக்குழி வெட்ட எடம் பத்தாது, ஆறடி நீளத்துக்கு ஒரு பேருக்கு வெட்டுனாங்க கொஞ்ச வருஷம், அப்புறம் பக்கத்து வீடுங்களுக்கு பொகை போவுதுன்னு புகார் வந்து அதுவும் நின்னுச்சு. பழைய கோயில் இருந்த எடத்துல இப்ப கார் நிறுத்துறாங்க. நான் ரெண்டு மூணு தரம் போயி, குழி எங்க இருந்துச்சுன்னு அடி வெச்சு அளந்து பாத்திருக்கேன், புளியமரம் இருந்தா அடையாளம் தெரியும், மரமும் இல்ல.

நம்ம பக்கத்துலயே பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கு, மெர்போக்ல புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கு, சண்டின்னா பழங்காலத்து கோயில், சுங்கை பத்துல செம்பனைக்கு நடுவுல பழைய இரும்பு உருக்குன எடத்த தோண்டி எடுத்திருக்காங்க. 2013ல ஒரு பழைய சண்டிய வீடு கட்ட எந்திரத்த விட்டு இடிச்சுட்டாங்கன்னு நாடே பேசுச்சு. ஆயிரம் வருஷத்து கல்லுக்கே அந்த கதின்னா, அம்பது அறுவது வருஷத்து லயத்து கோயிலுக்கும் பூக்குழிக்கும் யாரு ரேடார் புடிக்க வருவாங்க? இத கோவத்துல தான் எழுதுறேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிடுறேன். ஃபலேரில கெடைச்ச ஒரு சாராயக் கோப்பை இப்ப ரோமுல வில்லா ஜூலியா மியூசியத்துல இருக்கு, கிமு நாலாம் நூற்றாண்டு. அதுல ஃபலிஸ்கர் மொழில எழுதியிருக்கு, ‘இன்னைக்கு வைன் குடிப்பேன், நாளைக்கு இல்லாம இருப்பேன்’னு. அந்த மொழில கெடைச்சதுலயே பேர் போன வரி இது தானாம். எனக்கு கண்ணாடிக்கு இந்த பக்கம் நின்னப்ப சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடைல இருந்து வர்ற பாட்டு கேட்டுச்சு. 1947ல கெடால தோட்டத்து ஆளுங்க தொண்டர் படைன்னு சேந்து, இதே பீடோங்ல கள்ளுக்கடைக்கு முன்னால மறியல் பண்ணி, போலீஸ் அடில ஒரு தொழிலாளி உயிர் போச்சு. நாளைக்கு இல்லாம இருப்போம்னு கோப்பைல எழுதாம ரோட்டுல நின்னு சொன்ன சனம் நம்ம சனம்.

ஊருக்கு வந்ததும் மொத வேலையா சுங்கைப்பட்டாணிக்கு அத்தைய பாக்க போனேன். அப்பாவோட அக்கா, எம்பத்தாறு வயசு, கண்ணு மங்கல், ஞாபகம் கத்தி மாதிரி. அத்தையும் ஒரு தரம் இறங்குனவங்க, மகனுக்கு காய்ச்சல் மூளைக்கு ஏறுனப்ப வேண்டிக்கிட்டது. ஃபோன்ல மலை படத்த பெருசு பண்ணி காட்டி எல்லாத்தையும் சொன்னேன். ஆச்சரியப்படுவாங்கன்னு நெனச்சேன், படல.

“என்னா கட்டை வெப்பாங்களாம்?”

பைன் மரம் அத்தைன்னேன். தெரியல அவங்களுக்கு. கேமரன்மலை பக்கம் பாத்திருப்பீங்களே, ஊசி ஊசியா இலை, பிசின் வரும்னேன்.

“பிசின் மரமா? அது தெறிக்குமேடி. நம்ம பால் மரக்கட்டையே சரியா காயாட்டி பட்டுபட்டுன்னு பொரியும். அத அப்புடியே மிதிக்க முடியாது, நல்லா எரிய விட்டு, பிசின் பூரா போயி கங்கு செவந்து வெள்ள பூத்த பொறவு தான் இறங்கியிருப்பாங்க. ராத்திரியே பத்த வெச்சிருப்பாங்க பாரு.”

கிரேக்கர் தணலும் சாம்பலும்னு ரெண்டு வார்த்தை எழுதி வெச்சிருந்தாரு, எனக்கு அது சும்மா கடந்து போச்சு. அத்தை கேக்காமலே அந்த சாம்பல சொல்லிட்டாங்க. மூணு தரம் போவாங்களாம்னு சொன்னேன். “மொத தரம் தான் கஷ்டம், மிதிச்சு மிதிச்சு அடங்கிரும்”னாங்க, எதோ நேத்து நடந்தத சொல்ற மாதிரி.

அப்புறம் நான் என் தையல் கடைல இருந்து கொண்டு போன அளவு எழுதுற நோட்ட எடுத்தேன். அத்தை, நம்ம தோட்டத்துல காப்பு கட்டுன நாலு வீடு எது எது, யாரு யாரு, எந்த வருஷத்துல இருந்து, சொல்லுங்க நான் எழுதிக்கிறேன்னேன். ஹிர்பி குடும்பங்களுக்கு ப்ளினி எழுதுன ஒரு வரியாச்சும் இருக்கு, அந்த வரில கூட ஒரு ஆள் பேர் இல்ல. எங்க நாலு குடும்பத்துக்கு இந்த நோட்டுல பேரோட இருக்கட்டும்.

கண்ண மூடிக்கிட்டு சொன்னாங்க. பூசாரி வீடு, மூணு தலைமுறை. கெணத்தடி வீடு, எங்க வீடு அது, தாத்தா, சின்னத் தாத்தா, அப்பா ரெண்டு வருஷம். தண்டல் வீடு, அதுல மருமகப் புள்ளையும் இறங்குனாரு, அவர் வலது கால்ல பாம்பு கடிச்ச தழும்பு இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் குழிக்கு போறப்ப அவங்க முகம் எப்படி இருக்கும்னு கூட சொன்னாங்க, ரெண்டு மணி நேரம் ஆச்சு, டீ ஆறிப்போச்சு, ஒம்பது பக்கம் எழுதியிருக்கேன்.

நாலாவது மேல் லயத்து கடைசி வீடு. அந்த வீட்டுக்காரர் பேர் அத்தைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து போச்சு, கடைசி வரைக்கும் கெடைக்கல. அவரோட மக கூலிம்ல இருக்காங்களாம், எனக்கு சின்னம்மா முறை வேணும். நம்பர் வாங்கிட்டேன், சனிக்கிழமை கடைய சாத்திட்டு போறேன்.